ஐந்தாவது மேலங்கி

ஆர்லன் அனுப்பிய பட்டியல் போனில் வந்து விழுந்தபோது நான் ஒரு கைக்குட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்கள் பையில் வைத்துக்கொள்ளும் பழைய வெள்ளைக் கைக்குட்டை. யாரோ ஒருவர் வீட்டில் முப்பது வருடம் துவைபட்டு, கடைசியில் பழம்பொருள் கடைக் கூடைக்கு வந்து சேர்ந்தது. கட்டைவிரல் உயரத்துப் பிளாஸ்டிக் மனிதனுக்கு உடை செய்ய இதைவிட நல்ல துணி கிடையாது. புதுத் துணியை அவன் தோளில் போட்டால் தகரத்தை வளைத்து மாட்டியதுபோல விறைத்து நிற்கும். இது விழும். இதன் பின்பக்கத்தில், இறைச்சி சுற்றும் மெழுகுத்தாளை வைத்துச் சூடாகத் தேய்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாள் அளவுக்கு வெட்டி, சாதாரணக் காகிதத்தைப்போலப் பிரிண்டருக்குள் அனுப்பலாம். ஒரு மூலை மயிரிழை எழும்பியிருந்தாலும் உள்ளே மை தெளிக்கும் முனை அதில் இடித்து எல்லாவற்றையும் இழுத்துப் பூசிவிடும். அதனால் இஸ்திரிப்பெட்டி கையில் இருக்கும்போது நான் வேறெதையும் பார்ப்பதில்லை. அன்று பார்த்தேன்.

'மேலங்கியில் வரவேண்டிய பெயர்கள்: ஆமுண்ட்சன், ஹாவ்லிக், ஷ்மிட்ஸ், உல்ரிச். ஐந்தாவதில் பெயர் வேண்டாம், வெறுமையாக விட்டுவிடு. நன்றி ஆர்டிஸ், நீ இல்லாமல் எங்களால் முடியாது.'

மறுபடி படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது தீய்ந்த வாசனை வந்தது. இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினேன். கைக்குட்டையில் பழுப்பாக ஒரு படகு உருவம் பதிந்திருந்தது.

ஐந்தாவது பெயர் ரூடெக். லைல் ரூடெக். என் தம்பி.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலையில் இரண்டு மணிநேரம், மாலையில் இரண்டு மணிநேரம். நடுவில் இருக்கும் பகல் முழுக்க என்னுடையது. எட்டு வருடத்துக்கு முன், எங்கள் ஊர்க் கட்டை விளையாட்டுச் சங்கத்தார் கடைத்தொகுதியில் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பிளாஸ்டிக் கட்டைகளில் துறைமுகம் கட்டி, அதில் ஒரு பாய்மரக் கப்பலையும் நிறுத்தியிருந்தார்கள். கப்பல் அழகு. பாய் மட்டும் காகிதம். "இவ்வளவு பண்ணிட்டு காகிதத்துல பாய் போட்டிருக்கியே, உனக்கு வெக்கமா இல்லையா?" என்று ஆர்லனிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்து என் பின்னலை இழுத்தவன். அவனிடம் எதையும் கேட்கலாம். "அப்ப நீயே போட்டுக் குடு," என்றான். போட்டுக் கொடுத்தேன். அப்படி ஆரம்பித்தது. கொடிகள், கடை முகப்பின் கோடு போட்ட துணிப்பந்தல்கள், ஜன்னல் திரைகள், போர்வீரர்களின் தோள்துணிகள், மந்திரவாதிகளின் அங்கிகள். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் எழுதிக் கேட்டார்கள். அவர்கள் படம் அனுப்புவார்கள், நான் அளவு சுருக்கி, அச்சடித்து, ஓரத்தில் பிசின் தடவி, நூல் பிரியாமல் வெட்டி, தபாலில் அனுப்புவேன்.

தபாலுக்காக மட்டும் பக்கத்து ஊருக்குப் போவேன். பன்னிரண்டு மைல். எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் ஜோலீன் ஹாவ்லிக் உட்கார்ந்திருக்கிறாள். பட்டியலில் இரண்டாவது பெயர் அவளுடைய கணவன் டீன். பத்து வருடமாக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலைப் பேருந்தை நிறுத்திவிட்டு நேராக ஆர்லன் வீட்டுக்குப் போனேன். கார் ஷெட்டில் இருந்தான். மேசைமேல், கட்டைகளால் ஆன வார்னிஷ் கம்பெனிக் கிடங்கு பாதி எழும்பி நின்றது. உண்மையான கிடங்கில் தீப்பிடித்துப் பத்து வருடம் ஆவதையொட்டி, நூலகத்தின் புதிய அறையில் வைப்பதற்காக எங்கள் ஊரையே சங்கம் சின்னதாகக் கட்டிக்கொண்டிருந்தது. நடுவில் அந்தக் கிடங்கு. அதன் வாசலை நோக்கிப் போகும் ஐந்து தீயணைப்பு வீரர்கள். உண்மையான மேலங்கியில் முதுகின் கீழ்விளிம்பில் பெரிய எழுத்தில் குடும்பப் பெயர் இருக்கும். புகையில் யார் யார் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிவதற்காக. அதைச் சின்னதாக, துணியில், படிக்கும்படியாக அச்சடிக்க ஊரில் என்னைத் தவிர ஆள் இல்லை.

"கதவைச் சாத்து, குளிர் உள்ள வருது," என்றான் ஆர்லன்.

"எத்தன பேரு செத்தாங்க?"

"ஆர்டிஸ்…"

"எண்ணிச் சொல்லு. நீ கணக்கு வாத்தியார்தானே?"

"மரவேலை வாத்தியார்," என்றான் மெதுவாக.

"மரவேலைக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும்."

அவன் கையிலிருந்த சிவப்புக் கட்டையைக் கீழே வைத்தான். "எனக்கு மட்டும் ஆசையா? மத்த குடும்பத்துக்காரங்க வருவாங்க. முன்வரிசையில உக்காருவாங்க. லைல் பேரைப் பாத்தா அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

"யாரு சொன்னா?"

"ஜோலீன் ரொம்ப வருத்தப்படுவா."

"ஜோலீன் சொன்னாளா?"

அவன் அந்தக் கட்டையை மேசைமேல் உருட்டினான். "ஆமா, சொன்னான்னு வச்சுக்கோயேன். அதோட, அந்த அறையைக் கட்டிக் குடுத்ததே வார்னிஷ் கம்பெனிதான். அவங்க ஆளு வந்து பேசப் போறாரு. இதுல போயி ஒரு தகராறு வேணாம். உன் தம்பி பொம்மை இருக்கும். நிக்கும். எல்லாருக்கும் தெரியும் அது யாருன்னு. பேரு மட்டும்தானே இல்ல?"

"பேரு மட்டும்தானே," என்றேன்.

அதற்குமேல் அங்கே நின்றிருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினேன். ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. அதையும் திட்டினேன்.

நடந்தது ஊருக்கே தெரியும். தெரிந்த மாதிரி பேசிக்கொள்ள எல்லாருக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது: கதவைத் திறந்தது லைல். அதை நான் மறுத்ததே இல்லை. வார்னிஷ் கம்பெனியின் கிடங்கில் தீ. ஐந்து பேர் உள்ளே போனார்கள், லைல் முன்னால். புகையில் வழி தவறியது. சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் பின்பக்கச் சரக்குக் கதவைக் கண்டுபிடித்தான். தன் ஆட்களை வெளியே விட அதைத் திறந்தான். காற்று உள்ளே பாய்ந்ததும் தீ வெடித்துப் பரவி ஐந்து பேரையும் விழுங்கியது. அவ்வளவுதான். மாநில விசாரணை அறிக்கை நூற்றுப் பத்துப் பக்கம். 'மேலிட உத்தரவின்றிக் கதவு திறக்கப்பட்டது' என்பது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டவேண்டிய குழாயை, மாதக்கணக்காகச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது அறுபத்தொன்றாம் பக்கத்தில், ஒரே ஒரு வரியாக, அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள்! அந்தப் பக்கத்தை நான் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன். தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் அதே ஆள் கடையில் நின்றுகொண்டு, "பாவம், அந்த லைல் மட்டும் கதவைத் திறக்காம இருந்திருந்தா," என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

தீப்பிடித்த அந்த வாரம் மற்ற நான்கு வீடுகளுக்கும் சாப்பாடு போனது. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அப்படித்தான். பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட நூடுல்ஸும் உருளைக்கிழங்கும், மூடிமேல் பெயர் ஒட்டிய கண்ணாடிப் பாத்திரங்களில் வாசலுக்கு வரும். எங்கள் அம்மா மேசையைத் துடைத்துவைத்து, பாத்திரம் வைக்க மரப்பலகைகளை வரிசையாக அடுக்கி, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் நானே இரண்டு பாத்திரத்தில் செய்து, அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய், யாரோ என் வீட்டு வாசலில் கொடுத்ததாகச் சொன்னேன். "யாரு?" என்று கேட்டாள். அவள் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "உப்பு நீ போடற அளவு," என்றாள். அடுத்த வருடம் போய்விட்டாள்.

லைல் புனிதன் இல்லை. சீட்டாட்டத்தில் திருடுவான். கடன் வாங்கிய வண்டியைப் பெட்ரோல் இல்லாமல் திருப்பித் தருவான். அவசரக்காரன். அந்தக் கதவை அவன் திறந்திருக்கக் கூடாதோ என்று நானே நினைத்த நாட்கள் உண்டு. அப்படி நினைப்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. ஆர்லனுக்கு இல்லை. தீயணைப்பு நிலையத்துக்கு எதிரில் இருக்கும் நினைவுக்கல்லில், அகரவரிசைப்படி நடுவில் வரவேண்டியவனைக் கடைசியில் தள்ளி வெட்டினார்கள். பொறுத்தேன். வருடா வருடம் மணி அடித்துப் பெயர் வாசிக்கும்போது அவன் பெயர் வந்ததும் வாசிப்பவரின் குரல் சற்றே தாழும். அதையும் பொறுத்தேன். இப்போது என் கையாலேயே, என் வீட்டு பிரிண்டரிலேயே, அவனை அழிக்கச் சொல்கிறார்கள்.

ஐந்திலும் பெயர் போட்டேன்.

இரண்டு நாள் பகலெல்லாம் அதே வேலை. மேலங்கி கறுப்பு, ஆனால் வெறும் கறுப்பில் அச்சடித்தால் ஓட்டை மாதிரி தெரியும், கொஞ்சம் பழுப்புச் சேர்க்கவேண்டும். மஞ்சள் பட்டைகள், நடுவில் வெள்ளி. எழுத்தை அரிசியைவிடச் சின்னதாக வைத்தேன். முதல் முறை ரூடெக் மட்டும் மங்கலாக வந்தது. துணியில் அந்த இடத்தில் நூல் தடிப்பு. வேறு கைக்குட்டை எடுத்து ஐந்தையும் திரும்ப அச்சடித்தேன். ஒருவனுடையது மட்டும் வேறு துணியாக இருக்கக் கூடாது. ஒரு நாள் காயவிட்டு, சூடாகத் தேய்த்து மையை நிலைக்க வைத்து, கூரான கத்தியால் வெட்டினேன். பொம்மைக்கு மாட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அவன் தலையைக் கழற்றி, கழுத்தில் துணியைக் கோத்து, தலையைத் திரும்ப அமுக்கவேண்டும். ஆயிரம் தடவை யோசிக்காமல் செய்த வேலை. அன்று ஐந்தாவது பொம்மையின் தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பு. எல்லாப் பொம்மைக்கும் ஒரே சிரிப்பு.

ஐந்து மேலங்கிகளையும் மாத்திரை டப்பாவில், திங்கள் முதல் வெள்ளிவரை உள்ள குழிகளில் ஒவ்வொன்றாக வைத்து ஆர்லனிடம் கொடுத்தேன். அவன் ஒவ்வொன்றாகத் திறந்தான். புதனில் ரூடெக் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

"அஞ்சும் போகணும். இல்லேன்னா நாலும் போகாது."

"சரி, சரி. நான் பாத்துக்கறேன். யாருக்கும் மனசு நோகாம ஏதாவது பண்றேன்."

அதை நம்பினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. நூலகத்தின் புதிய அறையில் நாற்பது ஐம்பது பேர். கனமான கோட்டுகள், ஈரமான பூட்ஸ், ஓரத்து மேசையில் காபியும் டோனட்டும். முன்வரிசை நாற்காலிகளில் குடும்பத்தார். அங்கே ஜோலீனின் நரைத்த தலை பின்னாலிருந்து தெரிந்தது. எனக்கு நாற்காலி போட்டிருந்தார்களா என்று நான் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போனேன். மேசையைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். ஊர் அப்படியே இருந்தது. ஏரிக்கரை, மாதா கோயில், அடுமனை, மீன் கடை, எல்லாவற்றின் முகப்பிலும் என் துணிப்பந்தல்கள். கம்பங்களில் என் கொடிகள். கிடங்கின் மேல் 'என்றும் நினைவில்' என்று கம்பெனியின் பெயரோடு நான் அச்சடித்த நீளத் துணி. கிடங்கின் வாசலில் சிவப்புக் கட்டைத் தீ.

தீயை நோக்கி நான்கு பேர். முதுகில் பெயர்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆமுண்ட்சன், ஹாவ்லிக், ஷ்மிட்ஸ், உல்ரிச்.

ஐந்தாவது ஆள் எங்களைப் பார்த்து நின்றான்.

எனக்குப் புரியச் சற்று நேரம் எடுத்தது. மேலங்கி நான் செய்ததுதான். பெயரும் அதில் இருக்கிறது, முதுகில். ஆனால் ஆர்லன் அவனைத் திருப்பி வைத்திருந்தான். பெயர் தெரியாது. யார் மனசும் நோகாது. நான்கு பேர் தீக்குள் போகிறார்கள். ஒருவன் மட்டும், தீக்கு முதுகைக் காட்டி, கையை வீசிக்கொண்டு, சிரித்தபடி வெளியே வருகிறான்.

கயிற்றைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தேன். கைப்பையில் எப்போதும் ஒரு இடுக்கியும் தகரடப்பாவும் வைத்திருப்பேன். முதலில் அடுமனையின் பந்தலைப் பிடுங்கினேன். பிறகு மீன் கடை. மாதா கோயிலின் கொடி. ஏரியில் நின்ற படகின் பாய். பிசின் விட்டு வரும்போது ஒவ்வொன்றும் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது. பேச்சுகள் நின்று, அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆர்லன் ஓடிவந்தான். "ஆர்டிஸ், என்ன பண்ற நீ?"

"என் துணிய எடுத்துக்கறேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அம்மணமா நிக்கட்டும் உன் ஊரு. ஓடி வரானா என் தம்பி? ஓடியா வந்தான்? சொல்லுடா. அவன எந்த எடத்துல இருந்து எடுத்தாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீயும் வந்து பனியில நின்னல்ல? டார்ச் பிடிச்சிக்கிட்டு நின்னல்ல?"

"ஐயோ, ஓடி வரான்னு நான் நெனைக்கவே இல்ல. பேரு தெரியாம இருக்கணும்னுதான்… வேற வழி தெரியல. உனக்கும் கஷ்டம் இல்லாம, அவங்களுக்கும்…" அவன் குரல் இறங்கியது. "ஜோலீன் பாத்துக்கிட்டிருக்கா. அவளுக்காகவாவது நிறுத்து."

"அவதானே கேட்டா! அவ நல்லாப் பாக்கட்டும்!"

அதை நான் கத்தித்தான் சொன்னேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி இழுபட்டது.

"நான் என்ன கேட்டேன்?" என்றாள் ஜோலீன்.

பத்து வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். வயதாகியிருந்தது. எனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

"லைல் பேரு இருக்கக் கூடாதுன்னு."

"யாரு சொன்னா அப்படி?"

நான் ஆர்லனைப் பார்த்தேன். ஜோலீனும் பார்த்தாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"ஆர்லன்," என்றாள். முகவரி தப்பாக எழுதியவனைக் கவுண்டரிலிருந்து கூப்பிடும் குரல். "நான் உங்கிட்ட எப்ப பேசினேன்?"

"நேரா நீ சொல்லல ஜோலீன். உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நாங்களா… அவங்களும் அப்படித்தான் அபிப்பிராயப்பட்டாங்க." அவன் கண் ஒலிபெருக்கிப் பக்கம் போனது. அங்கே கம்பெனி ஆள் கையில் ஒரு தாளோடு நின்றிருந்தார். நல்ல கோட்டு, நல்ல முகம். தீப்பிடித்தபோது அவர் இந்த ஊரிலேயே இல்லை. தாளை நான்காக மடித்து, மறுபடி பிரித்தார்.

"எங்கிட்ட யாரும் கேக்கல," என்றாள் ஜோலீன் எல்லாரையும் பார்த்து. "பத்து வருசமா இந்த ஊருல யாரும் எங்கிட்ட எதையும் கேட்டதில்ல. ஜோலீனுக்குக் கஷ்டமா இருக்கும், ஜோலீனுக்குப் பிடிக்காது. எம் பேரை வச்சு எத்தன காரியம்டா பண்ணுவீங்க?"

கயிற்றைக் கையால் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம் இடம். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. என் கையில் இடுக்கி. அதில் மருந்துக்கடையின் பச்சைப் பந்தல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ ஒண்ணு தெரிஞ்சுக்கோ," என்றாள் என்னிடம். "நான் உன் தம்பியத் திட்டாத நாள் கெடையாது. பல்லு வெளக்கும்போது திட்டுவேன். கதவத் தொறந்தது அவன்தான். அத நீ மாத்திப் பேசாத."

"நான் மாத்திப் பேசல. தண்ணிக் கொழாயப் பூட்டி வச்சது யாரு?"

"அதுவும் தெரியும். அறுபத்தொண்ணாம் பக்கம். எனக்கும் படிக்கத் தெரியும் ஆர்டிஸ். நீ என்கிட்ட கொண்டு வந்து காட்டல, அவ்வளவுதான். ஊருல எல்லார்கிட்டயும் காட்டின."

இவள் கண்ணில் படாமல் தபால் அனுப்பப் பன்னிரண்டு மைல். வாரத்துக்கு இரண்டு தடவை. ஆர்லன் ஒரு வார்த்தை சொன்னதும் இவள் சொல்லியிருப்பாள் என்று எவ்வளவு சுலபமாக நம்பினேன். எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

அவள் மேசையைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு வெளியே வரும் ஐந்தாவது ஆளை.

"ஆனா இது பொய்," என்றாள். "அவன் ஓடி வரல. டீனுக்கு முன்னாடி உள்ள போனவன் அவன். டீன் போன்ல எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான், லைல் முன்னாடி போறான், பயப்படாதேன்னு. அவன் பேரையும் தொடச்சுட்டு, ஆளையும் திருப்பி வச்சுட்டா, நான் யாரத் திட்டறது? இந்தப் பொம்மையவா?"

யாரோ ஒரு காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

ஜோலீன் கையை நீட்டினாள். பெரிய கை, தபால் கட்டுகளைத் தூக்கித் தூக்கி முட்டி தடித்த கை. அந்தச் சின்னத் தெருவில் அது எங்கும் நுழையவில்லை. விளக்குக் கம்பம் ஒன்று சரிந்தது. ஷ்மிட்ஸ் சாய்ந்தான். நான் இடுக்கியை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். இரண்டு விரலால் லைலின் தோளைப் பிடித்து, கட்டையிலிருந்து பெயர்த்து, திருப்பினாள். பழைய இடத்தில் வைக்கவில்லை. மற்ற நால்வருக்கும் முன்னால், தீயின் விளிம்பில், அவன் காலை அமுக்கினாள்.

"முன்னாடிதான் போனான்," என்றாள்.

சாய்ந்த ஷ்மிட்ஸை நான் நிமிர்த்தினேன். கம்பெனி ஆள் தொண்டையைச் செருமினார். "நாம தொடங்கலாம்னு நெனைக்கிறேன்," என்றார் ஒலிபெருக்கியில். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆர்லன் கயிற்றுக்கு வெளியே நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லை. இன்றுவரை இல்லை.

நான் என் வேலையைத் தொடர்ந்தேன். எடுத்ததைத் திரும்ப மாட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மாட்டவில்லை. தபால் நிலையத்தின் கொடி, பள்ளிக்கூடத்தின் திரைகள், ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டேன். ஜோலீன் போகவில்லை, பேசவுமில்லை. கிடங்கின் மேலிருந்த கம்பெனியின் நீளத் துணிக்கு என் கை எட்டவில்லை. அவள் எட்டி, ஒரே இழுப்பில் அதைப் பிய்த்தாள். ஒரு நுனி கிழிந்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சத்தை என் டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தினாள்.

ஊரில் துணி என்று இனி அந்த ஐந்து மேலங்கிகள்தான்.

"உன்ன நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத," என்றாள் மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நானும் மன்னிக்கல," என்றேன்.

கட்டைத் தீக்குள், பத்தரை மணிக்குத் தானாக எரியும்படி ஆர்லன் நேரம் குறித்து வைத்திருந்த விளக்கு, யாரும் தொடாமலே எரிந்தது. சிவப்புக் கட்டைகளுக்குள்ளிருந்து வெளிச்சம் எழுந்து, கிடங்கின் வாசல் வழியாகத் தெருவில் நீளமாக விழுந்தது. மெல்லிய துணி வழியே ஒளி ஊடுருவ, ஐந்து முதுகுகளின் மஞ்சள் பட்டைகளும் பளிச்சென்று தெரிந்தன. பெயர்களை நாற்காலிகளிலிருந்தே படிக்கலாம் போல இருந்தது. லைலின் மேலங்கி விளிம்பு மட்டும், ஜோலீனின் விரல் பட்டதில், கொஞ்சம் மேலே மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.